வண்டி சாயும் பக்கம்

பிக்கப் வண்டியின் கதவைத் திறந்துவைத்து, தரையில் குந்தி, கால் வைத்து ஏறும் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே டேப்பைப் பிடித்து அளந்துகொண்டிருந்தாள் தேன்காரம்மா. இருபத்திரண்டு அங்குலம். நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை அளந்தாள். டேப் என்ன, அவள் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு ரெண்டு குறைத்தா சொல்லும்? அதே இருபத்திரண்டுதான். அவள் அளந்தது ஓட்டுகிறவர் ஏறும் பக்கத்தை அல்ல, பக்கத்து சீட்டுக்காரர் ஏறும் பக்கத்தை. அதைக் கமான்காரர் கவனித்தாரோ இல்லையோ, பட்டறை வாசலில் நின்று கை துடைத்துக்கொண்டிருந்தார்.

கமான்காரர் என்றால் வண்டிகளுக்குக் கமான் பட்டை மாற்றுகிறவர். அடியில் வளைந்து கிடந்து பாரத்தைத் தாங்கும் அந்த இரும்புப் பட்டைகளோடு முப்பது வருடம் மல்லுக்கட்டி, அவருடைய முதுகும் ஏறக்குறைய அதே வளைவுக்கு வந்துவிட்டது. வேலை மேஜையில் இரண்டு விதமான சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார். ஒரு ஓரத்தில் சோப்புக் கட்டி மாதிரி நாலு இரும்புத் துண்டுகள். இன்னொரு ஓரத்தில், கல்யாண சீர் வைத்தது போல, எண்ணெய்க் காகிதம் சுற்றிய பெரிய உருப்படிகள்.

"அளவெல்லாம் நாங்க எடுத்துக்குவோம்கா. எதுன்னு மட்டும் சொல்லுங்க. இது கட்டை. இருக்கிற பட்டைக்கும் அச்சுக்கும் நடுவுல சொருகிடுவோம், முன்னாடி ஸ்பிரிங் மேல ஒரு வளையம். ஒன்றரை இஞ்சு தூக்கும். அரைநாள் வேலை. ஆனா பட்டையும் பழசு, ஷாக்கும் பழசு. குலுக்கல் குறையாது, சொல்லப்போனா கொஞ்சம் கூடும்."

"அது?"

"அது முழு செட்டு. பட்டை, ஸ்பிரிங், ஷாக் எல்லாமே புதுசு. மூணு இஞ்சு. விலை நாலு மடங்கு, மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது. ஆனா பள்ளம் வந்தா வண்டியே வாங்கிக்கும், உங்க தேன் பெட்டிக்குத் தெரியாது. ஆள் ஏறினாக்கூட அந்தப் பக்கமா கொஞ்சம் குனிஞ்சு குடுக்கும்."

"முழு செட்டுல ஒன்றரை இஞ்சு வராதா?"

"இந்த வண்டிக்கு மூணுலதான்கா வருது. சட்டையா இது, புடிச்சுத் தைக்க?"

அவள் சிரிக்காததைப் பார்த்து அவரே இறங்கி வந்தார். "ஏறக் கஷ்டம்னா பக்கத்துல ஒரு படி மாட்டித் தரேன்."

"எதுக்குத் தூக்கறோம்? அடி தட்டக் கூடாதுன்னு. தூக்கிட்டு அடியில படியத் தொங்கவிட்டா, அந்தப் பாறை சும்மா விடுமா? முதல் நாளே பிச்சுக் கையில குடுத்துடும்."

கமான்காரர் தலையைச் சொறிந்தார். அவர் அந்தப் பாதையைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் படிப் பேச்சையே எடுத்திருக்க மாட்டார். மலை மேலே இருக்கும் பழத்தோட்டத்துக்கு வருடா வருடம் பூ விரியும் நேரத்தில் தேன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போவார்கள். இந்த வருட மழை அந்த மண்பாதையை உரித்துப் பாறையை வெளியே போட்டுவிட்டது. போன முறை அவள் தனியாக வண்டியை ஏற்றியபோது அடிப்பாகம் மூன்று இடத்தில் இடித்தது. அது போகட்டும், இரும்புதானே. குலுங்கிய குலுக்கலில் இரண்டு பெட்டிகளுக்குள் தேனடைகள் உடைந்து விழுந்துவிட்டன. மேலே போய் மூடியைத் திறந்தால், தேனீக்கள் தாங்கள் சேர்த்த தேனுக்குள்ளேயே முங்கிச் செத்துக் கிடக்கின்றன. அவள் மலையிலேயே உட்கார்ந்து அழுதாள். வீட்டில் புருஷனிடம் ஒரு பெட்டி போச்சு என்றுதான் சொன்னாள்.

ஆகவே தேனீக்களைக் கேட்டால் முழு செட்டு என்றுதான் சொல்லும். கேட்கவே வேண்டாம், அவளுக்கே தெரியும். ஆனால் இருபத்திரண்டோடு மூன்றைக் கூட்டினால் இருபத்தைந்து. அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க வேண்டிய மனிதர் வீட்டில் உட்கார்ந்து தேன் பெட்டிச் சட்டத்தில் மெழுகு சுரண்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வலது இடுப்பு மூட்டு மாற்றி ஏழு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியின் தாழ்வான காரில் வந்து இறங்கியவர், அதற்குப் பிறகு ஒரு நாள்கூட இந்த வண்டியில் ஏறவில்லை. முதல் மாதத்தில் ஒரே ஒரு தடவை, அவள் முக்காலியைக் கொண்டுவந்து கதவருகே போட்டாள். அவர் முக்காலியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னை என்ன மூட்டைன்னு நெனச்சியா, பலகை போட்டு ஏத்தறதுக்கு?"

அதோடு சரி. முக்காலி சமையலறைக்குத் திரும்பிப் போய்விட்டது.

ஒன்றரை அங்குலம் என்றால் என்றைக்காவது ஏறிவிடுவார். மூன்று என்றால் ஏறவே மாட்டார். இதுதான் கணக்கு. ஒரு தட்டில் தேனீ, ஒரு தட்டில் புருஷன். கேட்டால் சிரிப்பார்கள். அவள் டேப்பை மூன்று அங்குலம் இழுத்துப் பார்த்து, மறுபடி உள்ளே விட்டாள்.

"கட்டையே போட்டுடுங்க," என்றாள்.

"நல்லா யோசிச்சீங்களா?"

"அதெல்லாம் யோசிச்சாச்சு."

"சரி. வியாழக்கிழமை காலையில கொண்டாந்து விடுங்க," என்றார் கமான்காரர், எண்ணெய்க் காகிதத்தை மறுபடி சுற்றிக்கொண்டே.

வீட்டுக்கு ஓட்டிவரும்போது அவள் அவருடைய பள்ளத்தில் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுகிற சீட்டில் இருபத்திரண்டு வருடமாக அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம் அது. மனிதர் ஒல்லியாக இருந்த காலம் போய், தொப்பை வந்த காலம் போய், அது மறுபடி கரைந்த காலம்வரை எல்லாம் அந்த ஸ்பாஞ்சுக்குத் தெரியும். அதில் உட்கார்ந்தால் அவளுக்குச் சாலை சரியாகத் தெரியாது என்று ஒரு தலையணையைப் போட்டுக்கொள்வாள். பக்கத்தில் அவளுடைய சீட்டு. அது ஏழு மாதமாகக் காலியாகக் கிடந்து, தேனீக்குப் போடும் புகை டப்பாவையும் கையுறைகளையும் சுமந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் விடியற்காலையில் பெட்டிகளை ஏற்றிக் கட்டிவிட்டு அவள்தான் முதலில் ஏறி உட்காருவாள். உட்கார்ந்ததும் கண்ணை மூடிவிடுவாள். ரெண்டு நிமிடத் தூக்கம், ஆனால் தேனைவிட இனிப்பான தூக்கம். அவர் வெளியே கயிறுகளை இழுத்துப் பார்ப்பார், டயரை உதைப்பார், யாரையோ திட்டுவார், பெரும்பாலும் கயிற்றைத்தான். பிறகு வண்டி அவர் பக்கமாக மெல்லச் சாயும். அவர் ஏறிவிட்டார் என்று அர்த்தம். கதவுச் சத்தத்துக்கு முன்னாலேயே அந்தச் சாய்வு வந்துவிடும். அதற்குப் பிறகு அவள் நிஜமாகவே தூங்குவாள். இனி எங்கே போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு தூக்கம். இப்போது அவள் ஏறினால் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. தான் ஏறுவது தனக்கு எப்படித் தெரியும்.

ஒரு வருடம் நடுவழியில் ஒரு பெட்டி வாய் பிளந்து, தேனீக்கள் பின்கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்துவிட்டன. ஜன்னலை இறக்கிவிட்டு அவர் ஓட்டிக்கொண்டே சத்தமாகப் பாட ஆரம்பித்தார். பாட்டுக் கேட்டால் தேனீ அடங்கும் என்றார். தேனீ அடங்கவில்லை. அவருடைய மேலுதடு பணியாரம் மாதிரி வீங்கி, தோட்டக்காரரிடம் விலை பேச வாய் வராமல் அவள்தான் பேச வேண்டியதாயிற்று. அவள் பேசிய விலை அவர் எப்போதும் பேசுவதைவிட அதிகமாக அமைந்ததில் அவருக்கு ரெண்டு நாள் வருத்தம். இப்போது நினைத்தாலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வண்டிக்குள் தனியாகச் சிரிப்பது ஒரு மாதிரி இருந்தது, நிறுத்திக்கொண்டாள்.

ஏற்றம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு பெரிய வளைவு உண்டு. அங்கே எப்போதும் வண்டியை நிறுத்துவார்கள். அவர் பின்னால் ஏறி ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்பார். சீரான முனகல் என்றால் நல்லது. அழுகிற மாதிரி இழுத்தால் ராணித் தேனீக்கு என்னவோ ஆகிவிட்டது. "இது சரியில்ல, இறக்கி வச்சுடு," என்பார். அவர் சொன்னது ஒரு தடவையும் தப்பியதில்லை. அவளுக்கு அந்தக் காது கிடையாது. தனியாகப் போன மூன்று தடவையும் செல்போனில் பதிவுசெய்து கொண்டுவந்து அவர் காதில் வைத்தாள். "போன்ல எல்லாம் ஒரே மாதிரி மிக்ஸி ஓடற சத்தம்தான் கேக்குது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பெட்டிக்கு அவர் காது தேவை என்பது இருக்கட்டும். அவர் இல்லாமல் அந்த வளைவில் நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான், சுற்றி வளைப்பானேன்.

வீட்டு வாசலில் அவர் முழு செட்டின் விளம்பரத் தாளை மடியில் விரித்து வைத்துக் காத்திருந்தார். எங்கே பிடித்தாரோ, யாரைவிட்டு வாங்கினாரோ. பத்து நாளாக அதே பாட்டுத்தான்.

"என்ன சொன்னான்? எப்பப் போடறான்?"

"முழு செட்டு ஸ்டாக் இல்லையாம். வர ரெண்டு மாசம் ஆகுமாம். அதான் கட்டைக்குச் சொல்லிட்டு வந்தேன்."

பொய் சொல்லும்போது அவளுக்குக் கை சும்மா இருக்காது. செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து, நேராக வைத்து, மறுபடி எடுத்து வைத்தாள். அவர் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியா," என்றார். "அடை உடையுமே."

"மெதுவா ஓட்டிக்கறேன்."

"மெதுவா ஓட்டினாலும் உடையும்," என்று சொல்லிவிட்டுச் சட்டத்தை எடுத்து மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை அவர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். மலைக்கு ஏற்ற மூன்று பெட்டி குறைந்தது. பின்னாலிருக்கும் கொட்டகையில் பழைய பெட்டிகள் கிடக்கும். ஆனால் நாலு மாதமாக அதற்குள் போகாதே என்று உத்தரவு. "மெழுகுப் பூச்சிக்கு மருந்து வச்சிருக்கேன், மூச்சு முட்டும்," என்று சொல்லியிருந்தார். நாலு மாதமா மருந்து அடிக்கும், போய்த்தான் பார்ப்போமே என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் தள்ளினாள். மருந்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பழைய மெழுகு வாசனைதான் வந்தது. கையை இறக்கிவிட்டாள்.

கொட்டகையின் நடுவே இடம் ஒதுக்கி, இரண்டு பெரிய பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அதற்கு மேலே தேனுக்கான சின்னப் பெட்டி ஒன்றை வைத்து, மூடியும் போட்டிருந்தது. அடியில் முளை அடித்து நிறுத்தியிருந்ததால் அசையவில்லை. மேலே உத்தரத்திலிருந்து பெட்டி கட்டும் கயிறு ஒன்று தொங்கியது. கை பிடிக்கும் இடத்தில் கயிறு கருத்து, வழவழவென்று இருந்தது. மூடியின் விளிம்பில் பெயின்ட் தேய்ந்து மரம் வெளுத்திருந்தது. அவருடைய வலது செருப்பின் குதிகால் ஒரு பக்கமாகத் தேயும். அந்தத் தேய்மானம் மூடியில் அப்படியே இருந்தது.

அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் பக்கத்தில் கிடந்த சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, நேற்றைய டேப் இன்னும் பையிலேயே இருந்ததால், தரையிலிருந்து மூடி வரைக்கும் அளந்தாள். இருபத்தைந்து. அவள் பட்டறைக்குப் போவதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே மனிதர் கணக்குப் போட்டு முடித்து, ஏறிப் பழகவும் தொடங்கியிருக்கிறார்.

தேன் பெட்டிக்கு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்கிறவர், மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டு நிலவரத்தை எழுதிவிட வேண்டும். 'ராணி உண்டு. அடை ஆறு.' அல்லது 'ராணி இல்லை.' பழைய மூடிகளைத் திருப்பினால் குடும்பக் கதையே இருக்கும். 'மகள் பிறந்தாள். இன்று பார்க்கவில்லை.' என்று ஒன்று. 'ராணி உண்டு. வீட்டில் பேச்சு இல்லை.' என்று இன்னொன்று. அந்தச் சண்டை எதற்கு என்று இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது, மூடிக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அவள் இந்த மூடியைத் தூக்கித் திருப்பினாள். அதே கையெழுத்து, அதே கட்டை பென்சில். நாலு மாதத்துக்கு முந்தைய தேதியில் தொடங்கியிருந்தது. 'பெரிது ஒன்று. உண்டு.' பிறகு 'பெரிது இரண்டு. இல்லை.' இல்லை, இல்லை என்று வரிசையாகப் போய், ஒரு நாள் 'உண்டு'. அதற்குக் கீழே கோடு போட்டு, 'பெரிது இரண்டு, சின்னது ஒன்று'. அதற்கு நேராக இல்லை, இல்லை, இல்லை. அவள் விரல் வைத்து எண்ணினாள். ஒன்பது. கடைசியாக முந்தாநாள் தேதியில் 'அரை' என்று இருந்தது.

அரை ஏற்றம் என்றால் என்ன ஏற்றம்? காலை வைத்துவிட்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாரா? விழுந்திருந்தால்? அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது. கோபமும் வந்தது. இவ்வளவு அழுத்தக்கார மனுஷனுக்கா முப்பது வருடமாகச் சோறு போட்டோம் என்று இருந்தது. ஒன்றரை அங்குலம் போதும், உங்களால் அவ்வளவுதான் முடியும் என்று அவள் நேற்று பட்டறையில் முடிவு செய்து வந்தது நினைவுக்கு வந்து, முகம் சுட்டது.

அங்கேயே நின்று கமான்காரருக்குப் போன் செய்தாள்.

"கட்டை வேண்டாம். முழு செட்டே போடுங்க."

"அக்கா, நாளைக்கு வந்து மாத்துங்கன்னா முடியாது. பழைய பட்டையைக் கழட்டிட்டா கழட்டினதுதான்."

"கழட்டுங்க."

போனை வைத்துவிட்டு, சன்னல் கட்டையில் இருந்த பென்சிலை எடுத்தாள். 'அரை' என்பதற்குக் கீழே, வரும் திங்கட்கிழமையின் தேதியை எழுதினாள். அதற்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. மூடியை முன்பு இருந்த மாதிரியே வைத்துவிட்டு வெளியே வந்தாள். மூன்று பெட்டி எடுக்க வந்தவள் ஒன்றையும் எடுக்கவில்லை என்பது வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் அவர் கொட்டகைக்குப் போனார். மூடியைத் திருப்புகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் கை கழுவினார், சாப்பிட உட்கார்ந்தார். அவள் பரிமாறினாள்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?" என்றார்.

கிளம்புகிறாய் என்று கேட்கவில்லை. அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"அஞ்சுக்கு."

"சரி." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார், "அந்த முழு செட்டு, ஸ்டாக் வந்துடுச்சோ?"

"வந்துடுச்சு."

"வரும், வரும். நீ செருப்ப எடுத்து எடுத்து வச்சப்பவே வந்திருக்கும்."

திங்கட்கிழமை விடிவதற்குள் பெட்டிகளை ஏற்றிக் கட்டியாயிற்று. வண்டி முன்னைவிட உயரமாக, பெரிய இடத்துச் சம்பந்தி மாதிரி விறைப்பாக நின்றது. அவர் அதைச் சுற்றி வந்தார். கயிறுகளை இழுத்துப் பார்த்தார். டயரை உதைத்தார், இடது காலால். "கயிறா இது, நூலு," என்று திட்டினார். அவள் ஓட்டுகிற சீட்டில் ஏறி, அவருடைய பள்ளத்தில், இன்றைக்குத் தலையணை போடாமல் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டிலிருந்த புகை டப்பாவையும் கையுறைகளையும் நேற்றே எடுத்துவிட்டிருந்தாள். அந்தப் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. கையை நீட்டலாம். நீட்டினால் அவ்வளவுதான், முக்காலி கதைதான். கையிரண்டையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

பின்னால் பெட்டிகள் முனகிக்கொண்டிருந்தன. கதவோரப் பிடியை அவர் கை பற்றுகிற சத்தம் கேட்டது. மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. செருப்பு விளிம்பில் உரசியது. பிறகு தரையில் சரளை நெரிந்தது. கால் இறங்கிவிட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ண மூடிட்டு வண்டி ஓட்டப்போறியா?"

"நீங்க மொதல்ல ஏறுங்க. அப்புறம் தொறக்கறேன்."

அவர் எதுவோ முணுமுணுத்தார், கயிற்றைத் திட்டின அதே குரலில். பிடி மறுபடி கிறீச்சிட்டது. செருப்பு மறுபடி உரசியது. வண்டி மெல்ல, மிக மெல்ல, அவர் பக்கமாகச் சாயத் தொடங்கியது.